சாமுண்டி மலையை விற்பவர்கள்

மைசூரில் சொகுசு அடுக்குமாடி விற்கும் விளம்பரங்களில் கட்டடத்தைவிட மலைதான் பெரிதாகத் தெரிகிறது. உயரத்தில் ஒரு பால்கனி, கண்ணாடித் தடுப்பு, கையில் காபியோடு தலை நரைத்த தம்பதி, எதிரே சாமுண்டி மலை. மலை இல்லாவிட்டால் காரஞ்சி ஏரியோ குக்கரஹள்ளி ஏரியோ இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் தசரா இரவில் ஏறக்குறைய லட்சம் பல்புகளோடு மின்னும் அரண்மனை. இந்தப் படங்களுக்கு அங்கே என்ன வேலை என்பது விலைப்பட்டியலைப் புரட்டினால் புரிந்துவிடும். ஒவ்வொரு மாடி ஏறும்போதும் சதுர அடிக்கு இவ்வளவு கூடுதல் என்று ‘ஃப்ளோர் ரைஸ்’ கணக்கு ஓடும். மலையைப் பார்த்த வீடு என்றால் ‘பிரிஃபரென்ஷியல் லொகேஷன் சார்ஜ்’ என்று அதற்குத் தனியாக ஒரு தொகை. இரண்டாம் மாடி வீட்டுக்கும் பன்னிரண்டாம் மாடி வீட்டுக்கும் டைல்ஸ் ஒன்று, குழாய் ஒன்று, கதவு ஒன்று. கூடுதலாக வாங்கும் பணத்தில் பெரும்பகுதி காட்சிக்கான பணம். அந்தக் காட்சியோ பில்டருடையது இல்லை. அதை அவரால் பத்திரத்தில் எழுதித் தர முடியாது. பக்கத்து மனையை வாங்கும் இன்னொரு பில்டர் ஒரு பைசா கொடுக்காமல் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே, மைசூரில் உயரத்தை வாங்குபவர் தன் பணத்தில் எந்தப் பகுதி சொத்தாகிறது, எந்தப் பகுதி காற்றோடு போகிறது என்று பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இந்த ஊருக்கு உயரக் கட்டுப்பாடு வேண்டும் என்று முதலில் குரல் கொடுக்க வேண்டியவரும் அவர்தான் என்பேன்.

இந்தக் காட்சி எப்படி உண்டானது என்று பார்க்கலாம். எழும்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹென்றி இர்வின் கட்டிய மைசூர் அரண்மனையின் நடுக்கோபுரம் 145 அடி, அதாவது 44 மீட்டர். புனித பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கூம்புகள் 175 அடி, சுமார் 53 மீட்டர். மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால், பதினைந்து மாடிக் குடியிருப்பு அரண்மனைக் கோபுரத்தை எட்டிவிடும். பதினெட்டு மாடி தேவாலயத்தைத் தாண்டிவிடும். ஒரு நூற்றாண்டாக ஊரின் முதல் இரண்டு உயரங்கள் அரசனுக்கும் ஆண்டவனுக்கும் என்று இருந்தன. மற்றவர்கள் ஓடும் மாடியுமாகத் தாழ்வாகவே கட்டினார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டரில் இருக்கும் ஊரின் ஓரத்தில் ஆயிரம் மீட்டரைத் தாண்டி எழும் மலை எந்தத் தெருமுனையில் நின்றாலும் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

இது தற்செயலாக நேர்ந்ததும் இல்லை. 1897-ல் பழைய மர அரண்மனை எரிந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் பிளேக் நோய் ஊரை வாரிக்கொண்டு போனது. நெருக்கியடித்த குறுகலான தெருக்கள்தான் எமன் என்று கண்ட சமஸ்தானம், 1903-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் போர்டை அமைத்தது. இந்தியாவின் மிகப் பழைய நகரத் திட்ட அமைப்புகளில் அதுவும் ஒன்று. அகலமான சாலை, சாக்கடை, வீட்டைச் சுற்றி இடைவெளி, பூங்கா என்று திட்டமிட்டு விரிவாக்கப் பகுதிகள் உருவாயின. சாமராஜபுரம், லக்ஷ்மிபுரம், ஒண்டிகொப்பல், பிறகு யாதவகிரி போன்ற பகுதிகள் இப்படி வளர்ந்தவை. பென்ஷன்காரர்களின் சொர்க்கம் என்ற பெயர் ஊருக்கு வந்தது இந்தத் தெருக்களால்தான். 2015, 2016-ல் நாட்டின் தூய்மையான நகரம் என்று முதலிடம் கிடைத்ததிலும் அந்தப் பழைய சாலைகளுக்கும் சாக்கடைகளுக்கும் பங்கு உண்டு. இன்று சதுர அடிக்குக் கூடுதல் விலை வைத்து விற்கப்படுகிற காற்றும் வெளிச்சமும் அமைதியும் பொதுப்பணத்தில், பொதுக் கட்டுப்பாட்டில் நாலு தலைமுறை சேர்த்துவைத்தவை.

இந்தப் பழைய தெருக்களின் பங்களாக்கள் அடுக்குமாடிகளாக மாறிவருவதற்குச் சாட்சியாக யாதவகிரியில் ஒரு வீடு நிற்கிறது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மால்குடி என்ற ஊரை ஆங்கிலத்தில் படைத்த ஆர்.கே. நாராயண் 1950களின் தொடக்கத்தில் கட்டிய இரண்டு மாடி வீடு அது. அவர் 2001-ல் காலமானார். பத்தாண்டு கழித்து, 2011-ல், வீடு கைமாறி இடிக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் வரவிருந்தது அடுக்குமாடிக் குடியிருப்பு. பத்திரிகைகளில் செய்தி வந்து எதிர்ப்பு கிளம்பியதால் இடிப்பு நின்றது. மாநகராட்சி வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து 2016-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. எழுத்தாளர் வீடு என்பதால் அது தப்பியது. அதே காலத்தில் அதே மாதிரி கட்டிய வக்கீல் வீட்டுக்கும் பேராசிரியர் வீட்டுக்கும் யார் வரப்போகிறார்கள்? தோட்டத்தோடு கூடிய பெரிய மனை, நாலு திசையில் பிள்ளைகள், பாகப்பிரிவினைச் சிக்கல், பில்டரின் கூட்டு ஒப்பந்தம் என்றுதான் அந்த வீடுகளின் கதை போகிறது. வாரிசுகளைக் குறை சொல்ல முடியாது. நாலு பேருக்கு ஒரு பங்களாவைக் கூறுபோட வேறு வழி இல்லை.

அடுக்குமாடிகள் எழுவதில் இப்போது ஏன் இந்த வேகம் என்றால், காரணம் சாலை. 2023 மார்ச் 12 அன்று திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூர் விரைவுச் சாலை, மூன்று மணி நேரப் பயணத்தை ஒன்றரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. பெங்களூரில் ஒரு வீட்டை விற்றால் மைசூரில் அதைவிடப் பெரிய வீடும் கையில் ரொக்கமும் மிஞ்சும் என்ற கணக்கு ஓய்வுபெறும் வயதுக்காரர்களை இழுக்கிறது. அவர்களில் பெங்களூர்த் தமிழர்களும் உண்டு.

சரி, காட்சிக்குப் பணம் கொடுத்தவருக்குச் சட்டம் என்ன தருகிறது? 1882-ன் வசதியுரிமைச் சட்டத்தின்படி, இருபது ஆண்டு தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒருவர் உரிமை கோரலாம். பார்வைக்கு அப்படி ஓர் உரிமை கிடையாது. ஜன்னலில் தெரியும் அழகு போய்விட்டது என்று வழக்குப் போட முடியாது என 1610-லேயே இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. நம் சட்டமும் அந்த வழியில் வந்ததுதான். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ பொய் சொல்லி விற்றால் இழப்பீடும், விலகினால் வட்டியோடு பணமும் தர வேண்டும் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் விற்ற அன்று மலை நிஜமாகவே தெரிந்தது; பில்டர் பொய் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து எதிரே வேறொருவர் கட்டினால் அதற்கு இவர் எப்படிப் பொறுப்பு? போதாததற்கு, படத்தின் அடியில் ‘ஓவியரின் கற்பனை’ என்று எறும்பெழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.

மன்ஹாட்டனில் 2019-ல் நடந்ததைக் கேட்டால் காட்சியின் உண்மையான விலை தெரியும். எம்பயர் ஸ்டேட் கட்டடம் தெரியும் ஒரு பழைய குடியிருப்பின் சொந்தக்காரர்கள், பக்கத்தில் வரவிருந்த கோபுரம் மறைத்துவிடுமே என்று அஞ்சி, அந்த பில்டரிடமிருந்து உயர்த்திக் கட்டும் உரிமையை 1.1 கோடி டாலர் சேர்த்துக் கொடுத்து வாங்கினார்கள். வீடு வாங்கும்போது ஒருமுறை கொடுத்த காட்சியின் விலையை இரண்டாம் முறையும் கொடுத்தார்கள். நம் நாட்டில் நொய்டாவின் இரட்டைக் கோபுர வழக்கு இன்னும் பொருத்தம். எமரால்டு கோர்ட் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களுக்குக் காட்டிய வரைபடத்தில் பச்சைவெளியாக இருந்த இடத்தில், வரைபடத்தைத் திருத்தி இரண்டு ராட்சதக் கோபுரங்கள் எழும்பின. குடியிருப்போர் 2014-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்திலும் 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள். 2022 ஆகஸ்ட் 28 அன்று கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவர்கள் வென்றது காட்சி மறைகிறது என்ற வாதத்தால் இல்லை. கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி விடப்படவில்லை, பொது நிலத்தைக் குறைக்கக் குடியிருப்போரின் சம்மதம் வாங்கவில்லை என்ற இரண்டு விதிமீறல்களால் வென்றார்கள். அளவும் விதியும் எழுத்தில் இருந்ததால் நீதிமன்றம் கைகொடுத்தது. அழகுக்கு அளவு கிடையாது. அதைக் காக்க ஊர் முழுவதற்கும் உயர விதி ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும்.

காட்சியைக் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது நிலத்தின் பங்கு, கட்டடம், சங்கம் ஆகிய மூன்றும்தான். நிலப் பங்கை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. கட்டட அடர்த்தி இரண்டரை மடங்கு அனுமதி என்றால் 1,08,900 சதுர அடி கட்டலாம். இரண்டாயிரம் சதுர அடி வீடுகளாகப் பிரித்தால் 54 வீடு. ஒரு வீட்டுக்குப் பிரிக்கப்படாத நிலப் பங்கு சுமார் 800 சதுர அடி. அடர்த்தி நாலு மடங்கானால் அது 500 சதுர அடியாகச் சுருங்கும். அதே பணத்துக்கு ஊரின் ஓரத்தில் மைசூர்க்காரர்களுக்குப் பழக்கமான அறுபதுக்கு நாற்பது மனை கிடைத்தால், 2,400 சதுர அடியும் ஒருவருக்கே சொந்தம். வயதாக ஆகக் கட்டடத்தின் மதிப்பு இறங்கும், நிலத்தின் மதிப்பு ஏறும் என்பது சொத்துக் கணக்கின் பாலபாடம். அடர்த்தி கூடக் கூட, வாங்குபவர் கையில் இறங்கும் பங்கு பெரிதாகிறது, ஏறும் பங்கு சிறிதாகிறது. இதில் இன்னொரு வேடிக்கை, அந்தக் காட்சிக்கான கூடுதல் தொகைக்கும் சேர்த்தே 5 சதவீத முத்திரைத் தீர்வை, அதன்மேல் செஸ், 2025 ஆகஸ்ட் 31 முதல் இரட்டிப்பான 2 சதவீதப் பதிவுக் கட்டணம் எல்லாம் கட்டுகிறோம். அரசாங்கத்துக்குக்கூட மலையில் பங்கு கிடைக்கிறது.

சங்கத்தைப் பற்றி விற்பனைப் பிரதிநிதிகள் அதிகம் பேசுவதில்லை. எனக்கென்னவோ, வாங்குவதற்கு முன் அதிகம் விசாரிக்க வேண்டியதே அதைத்தான் என்று தோன்றுகிறது. உயர்ந்த கட்டடம் என்பது இயந்திரங்களின் கூட்டம். லிஃப்ட், தண்ணீர் ஏற்றும் பம்பு, தீயணைப்புக் குழாய்கள், ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், சூடாக்கிய நீச்சல்குளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு, மாற்றும் நாள் உண்டு. சதுர அடிக்கு மாதம் நாலு ரூபாய் என்று வைத்தாலும் 2,400 சதுர அடி வீட்டுக்குப் பராமரிப்பு 9,600 ரூபாய் ஆகிறது. மாதம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு இது ஆயுள் முழுக்க ஏறிக்கொண்டே போகும் வாடகை. கட்டமைப்பில் குறை வந்தால் ஒப்படைத்த ஐந்து ஆண்டு வரைதான் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா. 2022 பிப்ரவரியில் குருகிராமின் 18 மாடிக் கோபுரம் ஒன்றில், ஆறாம் மாடியில் தொடங்கிய சரிவு அடுத்தடுத்த தளங்களை உடைத்துக்கொண்டு இறங்கியதில் இருவர் இறந்தார்கள். ஆய்வுக்குப் பிறகு இடிக்கும் முடிவு வந்தது. கட்டும்போதே சரிந்து 61 பேரைப் பலிகொண்ட 2014-ன் மௌலிவாக்கத்தைத் தமிழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கர்நாடகத்தில் இதற்கு மேல் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. குடியிருப்புச் சங்கத்தை 1972-ன் அபார்ட்மென்ட் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும். சாதாரண சொஸைட்டியாகப் பதிந்தால் போதாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியும் சொஸைட்டியாகவே ஓடிக்கொண்டிருக்கும் சங்கங்கள் ஏராளம். தமிழ்நாடு 2022-ல் புதுச் சட்டம் இயற்றி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்று வழி சொல்லிவிட்டது. கர்நாடகத்தின் 1972 சட்டமோ இருபது மாடிகள் முதுமையடையும் காலத்தை நினைத்து எழுதப்பட்டதில்லை. நில உரிமையிலும் மைசூருக்குச் சொந்தமான வம்புகள் உண்டு. மலையடிவாரக் குருபரஹள்ளியின் சர்வே எண் 4, ஆலனஹள்ளியின் சர்வே எண் 41 நிலங்கள் அரசுக்குரிய பி-கராபு என்று வகைப்படுத்தப்பட்டதில், பல பத்தாண்டு முன்பே அரசு அமைப்புகள் மனை பிரித்து விற்ற லே-அவுட்களில்கூடப் பத்திரப்பதிவு ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. தாய்ப்பத்திரம், உள்ளாட்சிச் சொத்துப் பதிவான காத்தா, குடிபுகு சான்று மூன்றையும் உள்ளூர் வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் தர வேண்டாம்.

உயரக் கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு வரும் மறுப்புகளில் கனமானது ஒன்று. ஊர் பக்கவாட்டில் பரவினால் வயலும் ஏரியும் அழியும். மேலே எழும்பினால் நிலம் மிஞ்சும் என்பார்கள். பாதி உண்மை. அடர்த்தி வேண்டும் என்பது சரி, அதற்கு உயரம் வேண்டும் என்பது தவறு. எவ்வளவு கட்டலாம் என்பதை அடர்த்தி விகிதம் முடிவு செய்கிறது. அந்தப் பரப்பைப் பதினைந்து மாடிக் கோபுரமாக நிமிர்த்தலாம், முற்றத்தைச் சுற்றி ஐந்து மாடியாகவும் பரப்பலாம். கேம்பிரிட்ஜின் லெஸ்லி மார்ட்டினும் லயனல் மார்ச்சும் அரை நூற்றாண்டுக்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். பார்சிலோனாவின் எய்ஷாம்ப்ல பகுதியில் வீடுகள் பெரும்பாலும் ஏழெட்டு மாடிக்குள்தான். ஆனாலும் ஐரோப்பாவின் நெருக்கமான குடியிருப்புகளில் அது ஒன்று. தவிர, மைசூரில் பரவலுக்குக் காரணம் மாடி போதாமை இல்லை. மனையை வாங்கிப் போட்டு வீடு கட்டாமல் விலை ஏறக் காத்திருக்கும் பழக்கம்தான் ஊரை வெளியே தள்ளுகிறது. இந்த ஊரில் மனை எப்பேர்ப்பட்ட நாணயம் என்பதை மைசூர் நகர மேம்பாட்டு ஆணையமான முடாவின் 2024 மனை ஒதுக்கீட்டு விவகாரம் நாட்டுக்கே காட்டியது. முதல்வர் குடும்பத்துக்கு ஒதுக்கிய 14 மனைகள் திருப்பித் தரப்பட்டன. பின்னர் முதல்வர் மீதான புகாருக்கு ஆதாரம் இல்லை என்று லோகாயுக்தா சொல்லிவிட்டது. மேலும், மூன்றாயிரம் சதுர அடியில் இரண்டு பேர் வாழும் சொகுசுக் கோபுரத்தால் எந்த வயலும் தப்பப் போவதில்லை.

இரண்டாவது மறுப்பை முழுதாக ஏற்கிறேன். பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் தனியாக. பங்களாவின் தோட்டம், கூரைக் கசிவு, திருட்டு பயம் இவற்றோடு மல்லாட எழுபது வயதில் தெம்பு இல்லை. காவலாளியும் லிஃப்டும் அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஒரு அண்டை வீடும் பெரிய வரம். ஆனால் இவை எல்லாம் ஐந்து மாடிக் குடியிருப்பிலும் கிடைக்கும். மின்சாரம் போய் லிஃப்ட் நின்றால் மூன்றாம் மாடியிலிருந்து முதியவரைக் கைத்தாங்கலாக இறக்கலாம். பதினாறாம் மாடியிலிருந்து முடியாது. முதுமைக்கு வேண்டிய வசதியையும் உயரத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பது வியாபாரம்.

விதி போட்டு என்ன பயன், யார் மதிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் மதுரையைக் காட்டுவார்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-ல் அரசாணை வந்தது. மீறிய கட்டடங்கள் நிறைய, வழக்குகளும் நிறைய. இருந்தும் இன்று மதுரைக்குள் கோபுரம் தெரிகிறதென்றால், அந்த ஓட்டை விதியும் சேர்ந்துதான் காப்பாற்றியிருக்கிறது. விதி இருப்பதால்தான் மீறலை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிகிறது. பாரிஸ் 1973-ல் மோன்பர்னாஸ் கோபுரத்தைக் கட்டிவிட்டு நொந்துபோய் 1977-ல் உயரத்தைக் குறைத்தது. நடுவில் தளர்த்திவிட்டு 2023-ல் மறுபடி 37 மீட்டருக்குத் திரும்பியது. பாலித் தீவில் தென்னை மர உயரமான 15 மீட்டர்தான் எல்லை. அங்கெல்லாம் வீட்டு விலை சரிந்துவிடவில்லை. பற்றாக்குறையான காட்சி பத்திரமாக இருப்பதால் விலை நிற்கிறது.

மைசூரில் உயர்மாடி வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தவருக்கு என் யோசனை கறாரானது. ஃப்ளோர் ரைஸ் தொகையையும் காட்சிக் கட்டணத்தையும் பேரம் பேசிக் குறையுங்கள். குறைக்காவிட்டால் நாலாம் மாடியை வாங்குங்கள். மலைக்கும் உங்கள் ஜன்னலுக்கும் நடுவே உள்ள மனைகள் யாருடையவை, மாஸ்டர் பிளானில் அங்கே எத்தனை உயரத்துக்கு அனுமதி என்று பாருங்கள். விலையைக் கார்ப்பெட் ஏரியாவுக்கும் நிலப் பங்குக்கும் வகுத்துப் பாருங்கள். ஏற்கனவே வாங்கியவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. மாஸ்டர் பிளான் வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைக் கேட்பது சட்டப்படி மேம்பாட்டு ஆணையத்தின் கடமை. அரண்மனைக்கும் மலைக்கும் ஏரிகளுக்கும் இடையிலான பார்வைக் கோடுகளில் உயர வரம்பு வேண்டும் என்று உங்கள் சங்கத்தின் பெயரில் எழுதிக் கொடுங்கள். கிளப் ஹவுஸில் கூடும் அடுத்த பொதுக்குழுவில், பார்க்கிங் சண்டை ஆரம்பிப்பதற்கு முன்னால் இதை முதல் தீர்மானமாக வையுங்கள்.